பிள்ளையோடு நீங்களும் வாருங்கள்: அல்சூர் விளையாட்டு நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் பெங்களூர் அல்சூரில் ஒரு வாடகை மண்டபத்தின் மாடியில் கூடுகிறோம். 6 மாதம் முதல் மூன்றரை வயது வரையுள்ள குழந்தைகளும் அவர்களைக் கூட்டி வரும் பெரியவர்களும் ஒன்றரை மணி நேரம் சேர்ந்து விளையாடுவார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். கன்னடம், தெலுங்கு, மலையாளம் பேசுகிறவர்களும் வருகிறார்கள். சேர நினைப்பவர்கள் வாட்ஸ்ஆப்பில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இது ப்ளேஸ்கூலா? குழந்தையை விட்டுவிட்டுப் போகலாமா?

ப்ளேஸ்கூல் இல்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நானும் இன்னும் இரண்டு பேரும் ஜமக்காளம் விரிப்போம், சாமான்களைப் பரப்புவோம், பாட்டை எடுத்துக் கொடுப்போம். உங்கள் குழந்தையோடு விளையாட வேண்டியவர் நீங்கள்தான்.

சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. "அந்த நேரத்துல கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வரலாம்னு நெனச்சேன்" என்று ஒரு அம்மா நேராகவே சொன்னார். அதில் தப்பே இல்லை, அம்மாக்களுக்கும் மூச்சு விட நேரம் வேண்டும். ஆனால் அதற்கு வேறு ஏற்பாடுதான் செய்துகொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை என்னோடு விளையாடுவதால் ஒரு குழந்தைக்குப் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. மீதி ஆறு நாளும் உடன் இருப்பவருக்கு விளையாட்டுப் பழக்கம் வர வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அப்படியானால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்னதான் நடக்கும்?

முதல் பாதி அவரவர் இஷ்டம். ஒரு மூலையில் எவர்சில்வர் கிண்ணம், டம்ளர், கரண்டி. இன்னொரு மூலையில் அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல்கடை தண்ணீர். சுவர் ஓரமாக அட்டைப்பெட்டிகள், பழைய துப்பட்டாக்கள், பிசைந்த சப்பாத்தி மாவு. குழந்தை எங்கே போகிறதோ அங்கே நீங்களும் போய்த் தரையில் உட்காருங்கள்.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு விதிதான்: பரீட்சை வைக்கக் கூடாது. "இது என்ன கலர்? அது எத்தனை? அங்கிளுக்குச் சொல்லிக் காமி" என்று ஆரம்பித்தால் நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். குழந்தை டம்ளரிலிருந்து டபராவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்றால் முதலில் பேசாமல் பாருங்கள். அவள் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பாள். அப்போது சொல்லுங்கள்: "அடடா, வழிஞ்சு போச்சே!" அவள் மறுபடி ஊற்றுவாள், மறுபடி பார்ப்பாள். அவள் ஒன்று செய்ய, நீங்கள் அதற்கு ஒன்று சொல்ல, அவள் அதற்குப் பதிலாக இன்னொன்று செய்ய... இந்தப் போக்குவரத்தில்தான் பேச்சு, கவனம், கணக்கு எல்லாவற்றுக்கும் அடித்தளம் போடப்படுகிறது. கேட்க எளிதாக இருக்கும். ஐ.டி. கம்பெனியில் ஐம்பது பேரை மேய்க்கும் அப்பாக்கள் இரண்டு நிமிடம் வாய் மூடி உட்காரப் படும் பாடு இருக்கிறதே!

அடுத்து மடியில் வைத்து விளையாடுவது: கைவீசுவது, சாய்ந்தாடுவது, பருப்பு கடைவது. பருப்பு கடைவதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் அதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் பார்த்ததில்லை. உள்ளங்கையில் முழங்கையால் கடைகிறோம். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தாத்தாவுக்கு என்று விரல் விரலாகப் பங்கு வைக்கிறோம். பிறகு நண்டு மெதுவாகக் கையில் ஏறுகிறது. எட்டு, ஒன்பது மாதக் குழந்தை நண்டு மணிக்கட்டைத் தாண்டும்போதே சிரிக்க ஆரம்பித்துவிடும். அக்குளில் கிச்சுகிச்சு வரப்போகிறது என்று அதற்குத் தெரியும். அடுத்து வருவதை ஊகித்துக் காத்திருப்பது, வரிசை, ஒன்றுக்கு ஒன்று எண்ணுவது, உடம்பின் பாகங்கள், உறவுப் பெயர்கள் என்று எல்லாம் அதற்குள் இருக்கின்றன. செலவு ஒரு பைசா இல்லை.

கடைசியாகப் பழம், தண்ணீர். சாமான்களை எடுத்து வைத்த பிறகுதான் வீட்டுக்கு. எடுத்து வைப்பதும் விளையாட்டில் சேர்த்திதான். கரண்டி ஒரு கூடை, கிண்ணம் ஒரு கூடை என்று இரண்டு வயதுப் பிள்ளைகள் பிரித்துப் போடும் அழகே தனி.

குழந்தைக்கு 6 மாதம்தான். இப்போதே வருவதில் பயன் உண்டா?

உண்டு. குப்புறப் போட்டால் தலையை நிமிர்த்துகிற குழந்தைக்கு எதிரே இன்னொரு குழந்தை முகம் தெரிந்தால் அது படும் சந்தோஷத்தை வந்து பாருங்கள். ஒரு வயதுக்குள், இன்னும் தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் நாள் முழுக்கச் சேர்த்து 30 நிமிடமாவது குப்புறப் படுத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

நம்மவர்கள் இதையெல்லாம் எப்போதோ கவனித்துப் பாட்டாகவே வைத்திருக்கிறார்கள். குழந்தையைப் பாடும் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்கு, அதன் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கு சொல்கின்றன: 5-ஆம் மாதம் செங்கீரை, 9-இல் சப்பாணி, 13-இல் வருகை, 15-இல் அம்புலி. கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டித் தலையை ஆட்டுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையில் நம்மை நோக்கி வருவது வருகை, நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி. இன்றைய குழந்தை மருத்துவரின் அட்டவணையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆனால் காலண்டரை வைத்துக்கொண்டு கவலைப்படாதீர்கள். ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்கத் தொடங்கும் காலம் சுமார் 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்து கிடக்கிறது. இதுவும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குதான். பக்கத்து ஃப்ளாட் குழந்தை 10 மாதத்தில் நடந்துவிட்டது என்பது அந்தக் குழந்தையைப் பற்றிய செய்தி.

வாக்கர் கொண்டு வரலாமா?

வேண்டாம். குழந்தையை உள்ளே உட்கார வைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் வாக்கர் நடக்கக் கற்றுக்கொடுக்காது. படிக்கட்டில் உருண்டு விழ வைக்கும். கனடாவில் அதன் விற்பனையை 2004-இலேயே தடை செய்துவிட்டார்கள். எங்கள் மாடியில் படிக்கட்டு வேறு இருக்கிறது. மூன்று சக்கர மர நடைவண்டி இருந்தால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். அதை நின்றுகொண்டு தள்ள வேண்டும் என்பதால் உழைப்பு முழுக்கக் குழந்தையுடையது.

ஏபிசிடி, நம்பர் எல்லாம் சொல்லித் தருவீர்களா? எல்கேஜி சேர்க்கைக்கு உதவுமா?

சொல்லித் தர மாட்டோம். தமிழ் நெடுங்கணக்கும் சொல்லித் தர மாட்டோம் என்றால் சில தாத்தாக்களுக்கு வருத்தம்.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையுள்ள காலத்தை ஒரே அடித்தளப் பருவமாக வைக்கிறது. அதையொட்டி 2022 அக்டோபரில் வந்த அடித்தளப் பருவப் பாடத்திட்டக் கட்டமைப்பு, 3 முதல் 6 வயது வரை பாடப்புத்தகமே கூடாது, பரீட்சை அந்த வயதுக்குப் பொருந்தவே பொருந்தாது என்கிறது. பள்ளிக்கூடங்கள் இதை எவ்வளவு தூரம் மதிக்கின்றன என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டரை வயதுக் குழந்தைக்குக் கோடு போட்ட நோட்டு வாங்கி வரச் சொல்லும் இடங்கள் இந்த ஊரில் இருக்கின்றன.

பென்சிலை எடுத்தால் கை வலிக்கும் வயது அது. தோள், முழங்கை, மணிக்கட்டு, அப்புறம்தான் விரல் என்று பலம் இறங்கி வரும். மாவு பிசையட்டும், துணி பிழியட்டும், பட்டாணி உரிக்கட்டும். எழுத்து அதன் காலத்தில் வரும். அவசரப்படவும் தேவையில்லை, கர்நாடகத்தில் முதல் வகுப்புக்கு ஜூன் 1 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்து, 2025-26 சேர்க்கைக்கு அதை 5 வயது 5 மாதமாகத் தளர்த்தினார்கள். சேர்க்கும் ஆண்டின் உத்தரவை மட்டும் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

மாண்டிசோரி முறையா?

இல்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர். போர் மூண்டதால் 1946 வரை நம் நாட்டில் இருக்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் தங்கினார். அதனால் தென்னிந்தியாவில் அந்தப் பெயருக்குத் தனி மவுசு. ஆனால் அந்தப் பெயர் யாருக்கும் தனியுரிமை இல்லை; போர்டில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பள்ளி பார்க்கப் போகும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள்: 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா? தங்கள் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்கிறார்களா? எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே தாளில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால் போர்டை மறந்துவிடுங்கள்.

வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், ஆயா இந்தி, பள்ளியில் இங்கிலீஷ். குழந்தை குழம்பிப் போகாதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பெங்களூரில் ஒரு குழந்தை லிஃப்டில் கீழே இறங்குவதற்குள் மூன்று மொழி கேட்டுவிடுகிறது.

குழம்பாது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலக்கும். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒவ்வொரு மொழியிலும் தெரிந்த சொற்கள் தனித்தனியாகப் பார்த்தால் குறைவாகத் தெரியலாம், கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

எனக்குக் கவலை தருவது வேறு ஒன்று. நர்சரி இன்டர்வியூவுக்குப் பயந்து வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, "பேபி, கம், ஹேண்ட் வாஷ் பண்ணு, மம் மம் ஈட் பண்ணலாம்" என்று ஆரம்பிக்கிறார்களே, அது. அம்மா தனக்குச் சரளமாக வராத மொழியில் பேசும்போது பேச்சே சுருங்கிவிடுகிறது. கட்டளை மட்டும் மிஞ்சும், கதை போய்விடும், கொஞ்சல் போய்விடும், கோபம்கூட ஒழுங்காக வராது. குழந்தைக்கு வேண்டியது வளமான பேச்சு. அது உங்களுக்கு எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள். திருநெல்வேலித் தமிழானாலும் சரி, மூன்று தலைமுறையாகக் கன்னடம் கலந்த சிவாஜிநகர்த் தமிழானாலும் சரி.

கன்னடத்தை ஒதுக்கவும் சொல்லவில்லை. 2015-இன் கன்னட மொழி கற்றல் சட்டத்தின்படி இந்த மாநிலப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம். அதைவிட முக்கியமாக, கீழ்வீட்டு அஜ்ஜி (பாட்டி) கன்னடத்தில்தான் கொஞ்சுவார். எங்கள் கூட்டத்திலும் அஜ்ஜிமார் வந்தால் கன்னடப் பாட்டும் உண்டு. பிள்ளைகள் அஜ்ஜியிடம் "ஊட்டா" (சாப்பாடு) கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பி "மம்மு" கேட்பார்கள். யாரிடம் எது பேச வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

மகனுக்கு 2 வயது ஆகியும் பேச்சு வரவில்லை. ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்கிறார்கள்.

அந்த ஆறுதலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 12 மாதத்தில் மழலை ஒலிகள் இல்லை, கை காட்டிக் கேட்பதில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வந்த பேச்சு நின்றுபோனது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெங்களூரில் நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. மைசூருவில் பேச்சு, செவித்திறனுக்கென்றே அகில இந்திய நிறுவனம் இருக்கிறது. விளையாட்டு நேரத்துக்கும் தாராளமாக வாருங்கள். ஆனால் இது சிகிச்சை இல்லை. என் அபிப்பிராயம் டாக்டரின் அபிப்பிராயத்துக்கு ஈடாகாது.

என்ன பொம்மை வாங்கலாம்?

முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு, கைவினைஞர்கள் செய்யும் சில வகைகள் தவிர, அது கட்டாயம். சிக்பேட்டையின் மலிவு விலைக் குவியல்களில் முத்திரை இல்லாததும் கிடைக்கும், கவனம்.

ஊர்ச் சரக்கு வேண்டுமென்றால் மைசூரு சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் சன்னபட்ணா. அங்கே வழிவழியாக வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, அது சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். அந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கிலுகிலுப்பை, பம்பரம், வளையம் அடுக்கும் கோபுரம் எல்லாம் கைக்கு அடக்கமாக இருக்கும். பெயரைச் சொல்லி வேறு சரக்கும் விற்கிறார்கள், சாயம் கையில் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பாருங்கள்.

மூன்று வயது வரை எதுவும் வாய்க்குத்தான் போகும். புளியங்கொட்டை, சோழி, மணி, முழு வேர்க்கடலை, ஊதாத பலூன் எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. செப்புச் சாமானிலும் மிகச் சிறியவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது ரிமோட்டிலும் பாடும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதோ என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மற்றபடி சமையலறையின் கீழ் அலமாரியைத் திறந்துவிடுங்கள்.

என் மகள் எதையும் பகிர்ந்துகொள்ள மாட்டாள். போன வாரம் ஒரு பையனைக் கடித்தும் விட்டாள்.

எந்தக் குழந்தையும் பகிர்ந்துகொள்வதில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-இலேயே பிள்ளைகளின் விளையாட்டைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார்: தனியே விளையாடுவது, பிறரைப் பார்ப்பது, பக்கத்துப் பக்கத்தில் அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, பிறகுதான் சேர்ந்து விளையாடுவது. இரண்டு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரி கரண்டியைத் தட்டினாலே அது நட்புதான். அதனால்தான் எங்களிடம் எல்லாச் சாமானும் இரண்டு மூன்றாக இருக்கும்.

கடித்தால், கடிபட்ட குழந்தையை முதலில் கவனிப்போம். கடித்த குழந்தையிடம் "கடிச்சா வலிக்கும்" என்று சுருக்கமாகச் சொல்லி, கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "ஸாரி சொல்லு, ஸாரி சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் அழ வைப்பதால் யாருக்கும் லாபமில்லை. அது பெரும்பாலும் மற்ற அம்மாவுக்காகச் செய்வது. அந்த அம்மாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

போட்டோ, வீடியோ எடுக்கலாமா?

கடைசி 5 நிமிடம் எடுக்கலாம், உங்கள் குழந்தையை மட்டும். அதுவரை போன் பையில்.

வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு நாளில் 1 மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது. ஊரில் இருக்கும் ஆச்சி, தாத்தாவோடு வீடியோ அழைப்பில் பேசுவது வேறு கணக்கு. அங்கே எதிர்முனையில் ஒருவர் பதிலுக்குப் பேசுகிறார். போனைக் காட்டிச் சோறு ஊட்டுவதை நிறுத்த முதல் மூன்று நாள் கஷ்டமாக இருக்கும், கொஞ்சம் குறைவாகத்தான் சாப்பிடும். பசித்தால் கேட்கும்.

அப்பா வரலாமா? பாட்டி? ஆயா?

மூவரும் வரலாம். பகல் முழுக்கக் குழந்தையோடு இருப்பவர் ஆயா என்றால் அவரையே அனுப்புங்கள், மாதம் ஒரு முறையாவது நீங்களும் சேர்ந்து வாருங்கள். ஆயாவைச் சுவர் ஓரம் நிற்க வைத்துவிட்டுப் பையைத் தூக்கச் சொல்வது இங்கே நடக்காது. அவரும் ஜமக்காளத்தில்தான் உட்காருவார்.

பாட்டிகளுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் பாட்டுப் பட்டியலில் பாதி அவர்கள் கொடுத்தது.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். சனிக்கிழமை தூங்கினால் போதும் என்றிருக்கிறது.

தூங்குங்கள். நிஜமாகவே சொல்கிறேன். குளிக்க வைக்கும் பத்து நிமிடம், துணி மடிக்கும் பத்து நிமிடம் குழந்தையோடு பேசிச் சிரித்துச் செய்தால் எங்களிடம் வந்த கணக்குதான்.

அலுவலகத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு அந்த வசதியை 2017-இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்த்து வரலாம். கேட்கிறவர்கள் குறைவு.

கட்டணம் எவ்வளவு?

ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் 150 ரூபாய். மண்டப வாடகைக்குச் சரியாகப் போகும். முடியாதவர்கள் என் காதில் சொன்னால் போதும். வாராவாரம் இலவசமாகவே வேண்டும் என்றால், அல்லது 3 வயதுக்கு மேல் தினமும் போக ஓர் இடம் வேண்டும் என்றால், உங்கள் வார்டு அங்கன்வாடியைப் போய்ப் பாருங்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டத்தில் வருபவை அவை. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சத்துணவு, எடை பார்ப்பது, 3 வயதுக்கு மேல் முன்பருவக் கல்வி எல்லாம் உண்டு. "அதெல்லாம் நமக்கில்லை" என்று நடுத்தர வர்க்கம் முகம் திருப்பிக்கொள்கிறது. நல்ல அங்கன்வாடி டீச்சர் வாய்த்த இடத்தில் பிள்ளைகள் ஏ.சி. ப்ளேஸ்கூலைவிட நன்றாக விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சளி இருந்தால் வரலாமா?

லேசான மூக்கொழுகல் பரவாயில்லை. காய்ச்சல், வாந்தி, பேதி, கண் சிவப்பு என்றால் வேண்டாம். மழைக்காலத்தில் கை, கால், வாய் நோய் சுற்றும். வாயில் புண், உள்ளங்கையில் கொப்புளம் தெரிந்தால் குழுவில் உடனே தெரிவியுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்தக் கிருமிக்கு சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது, சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி.

மற்ற நாட்களில் எங்கே கூட்டிப் போகலாம்?

ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, நடக்கப் பழகும் குழந்தையைச் சாலையிலேயே இறக்கிவிடலாம். ஜவஹர் பால பவனும் அதற்குள்ளேயே. லால்பாக் என்றால் பூக்கண்காட்சிக் கூட்டத்தில் போகாதீர்கள். சாதாரண நாள் காலையில் அந்தப் பாறைக்குப் போங்கள். சுமார் 300 கோடி ஆண்டு பழைய பாறை, ஒன்றரை வயதுக் குழந்தை ஏறி இறங்கக் கச்சிதமான சரிவு. இரண்டு கையும் ஊன்றி ஏறட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

முதல் நாள் என்னென்ன கொண்டு வர வேண்டும்?

மாற்றுத் துணி இரண்டு செட், ஏனென்றால் தண்ணீர்த் தாம்பாளம் யாரையும் விடாது. ஒரு துண்டு, குழந்தையின் தண்ணீர் பாட்டில், வெட்டிய பழம். திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக வெட்டியது. நீங்களும் தரையில் உட்கார வசதியான உடையில் வாருங்கள். முதல் இரண்டு வாரம் குழந்தை உங்கள் மடியை விட்டே இறங்காமல் போகலாம், அதுவும் வருகைக் கணக்கில் சேரும். மெட்ரோவில் வந்தால் ஹலசூரு (அல்சூர்) நிலையத்தில் இறங்குங்கள். மண்டபத்து மாடிப்படி செங்குத்தானது, குழந்தையின் தள்ளுவண்டியைக் கீழே வாட்ச்மேனிடம் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள்.